மூக்குத்திக்குப் போக வேண்டிய சூம்

என் தங்கையையும் கட்டிக்கொண்டு, என் கடைக்கு எதிரிலேயே கடையையும் போட்ட அருமை மாப்பிள்ளை ராஜவேலுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். வேலையை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுப் போனவனுக்கு என்ன குறை?

செத்தவரைத் திட்டக் கூடாது என்கிறாள் என் தங்கை மல்லிகா. நீ உயிரோடிருந்தபோதும், கட்டிக்கொடுத்த மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது என்றாள். பின்னே நான் உன்னை எப்போதுதான் திட்டுவது?

ஊர்ச் செய்தி சொல்கிறேன், கேள். உன் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். போட்டிக்கு ஆளில்லை, என் வியாபாரம் செழித்திருக்க வேண்டும். ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முறைக்க எதிரில் ஒரு மூஞ்சி இல்லை. அந்தச் சோம்பலில் கடை திறக்கவே பத்து மணி தாண்டிவிடுகிறது. இதுவும் உன் வேலைதான்.

இந்தக் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். செஞ்சி பஜாரில் நாங்கள் இருவரும் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். எனக்கு ஒரு கொள்கை உண்டு, இவனுக்கு ஒரு வியாதி உண்டு. வியாதியின் பெயர் சூம், நின்ற இடத்திலிருந்தே தூரத்துப் படத்தைக் கிட்டே இழுப்பது. மாலையைக் காட்டினால் மாலையோடு விட மாட்டான். மாலையிலிருந்து பூவுக்குப் போவான், பூவிலிருந்து நாருக்குப் போவான். நாரில் எறும்பு இருந்தால் அதற்கும் மரியாதை உண்டு. கூட்டத்தில் எவனாவது கண்ணைத் துடைத்தால் தீர்ந்தது. கல்யாணப் பெண்ணை அம்போ என்று விட்டுவிட்டு அவன் கண்ணுக்குள்ளேயே இறங்கிவிடுவான்.

என் கொள்கை நேர் எதிர். என்னிடம் இருப்பவை சூமே இல்லாத லென்ஸ்கள். பெண்ணும் பிள்ளையும் பளிச்சென்று தெரிவார்கள், மற்றவர்கள் எல்லாரும் பின்னால் பஞ்சு மாதிரி மங்கிக் கிடப்பார்கள். அதற்குக் கலை என்று பெயர். மொய் எழுதிய சொந்தக்காரன் தன் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு என்னை வைவதற்கு வேறு பெயர்.

நம் பகை தொழிலில் தொடங்கவில்லை என்று உனக்குத் தெரியும். மேல்மலையனூரில் உன் மகள் பவித்ராவுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடி என்பதால் குழந்தை என் மடியில். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தார், அவள் வீறிட்டாள், என் கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. தூசிதான். படுபாவி, நீ குழந்தையின் காதை எடுத்தாயா? சூம் போட்டு என் மூஞ்சிக்கு வந்தாய். மூக்கில் ஒழுகியது வரை எடுத்தாய். அதற்குப் பிறகு குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் அந்தத் துண்டை டிவியில் போட்டுக் காட்டினாய். மல்லிகா விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் சாப்பிடாமல் எழுந்து போவேன், பந்தி முடிவதற்குள் திரும்பி வருவேன்.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. உன் மகள் என் கடைக்கு வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, வீடியோ நீதான் எடுக்கணும். வெளியாளு வேணாம்."

"எடுக்கறேன். அதுக்கு இன்னா மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கேக்கற?"

"நைனா ஒரு ஷாட்டு எடுத்துத் தரேன்னு சொல்லிக்கினே இருந்துச்சி. ராஜகிரிக் கோட்டை மலை முழுசா தெரியணுமாம். அங்கருந்து நிக்காம வந்து என் மூக்குத்தில நிக்கணுமாம். அது ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்."

பார்த்தாயா உன் திமிரை? கோட்டையிலிருந்து மூக்குத்திக்கு. பீரங்கி வைத்திருந்தவர்களே அவ்வளவு குறி பார்த்ததில்லை. வாக்குக் கொடுக்க ஒருத்தன், அதைக் காப்பாற்ற ஒருத்தன்.

கையால் லென்ஸ் வளையத்தைத் திருகினால் அந்த ஷாட் வராது, ஆடும். இந்த வயதில் என் கை சூம் போடாமலே ஆடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மலையும் அவளும் ஒன்றாகச் சிக்குவது பெண்ணழைப்பில் மட்டும்தான், அதில் மாலை போட்டுக் கைபிடித்து மண்டபத்துக்குள் கூட்டி வர வேண்டியவன் தாய்மாமன். அந்த நேரத்தில் நான் காமிராவுக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் அல்ல. ஆகவே மோட்டார் வைத்த சூம் லென்ஸ்தான் வழி. தூர நின்று போனிலேயே இயக்கலாம். அந்த வழியில் வாழ்நாளெல்லாம் காறித் துப்பியவன் நான்.

பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரன் முதலில் எடுத்துக் காட்டியது உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி லென்ஸ். பொத்தானைத் தொட்டால் ஆமைத் தலை மாதிரி மூக்கை நீட்டுகிறது, பிறகு உள்ளே இழுத்துக்கொள்கிறது. கொர் என்று ஒரு முனகல் வேறு, அது மைக்கில் விழும். கிளம்பும்போது ஒரு குதி, நிற்கும்போது ஒரு குதி. கடைசி வரை போனாலும் ஆள் இடுப்பளவு தெரியும், அதற்கு மேல் நெருங்காது. மூக்குத்தி எங்கே, இடுப்பு எங்கே?

"மெதுவா போறது இல்லியா? கிளம்பினதும் தெரியக் கூடாது, நின்னதும் தெரியக் கூடாது" என்றேன்.

"இன்னாத்துக்கு சார்? கல்யாணத்துக்கா?" சிரித்தான். "சூம்லாம் பழைய காலத்து ஆளுங்க பண்றது சார். இப்ப எவன் சார் பண்றான்?"

இத்தனை வருடம் உன்னைப் பார்த்து நான் சொன்ன அதே வசனம். ஒரு சொல் மாறவில்லை. எனக்கு ஏன் அப்படிப் பொத்துக்கொண்டு வந்தது?

"யோவ், சூம் பத்தி உனக்கு இன்னா தெரியும்? எங்க வூட்டு மாப்ள போட்டா மாலையில இருக்குற எறும்புக்கு மீசை தெரியும். உள்ள இருக்குற பெருச எடுய்யா."

உன்னைத் திட்டும் உரிமையை நான் எவனுக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அது எனக்கு மட்டுமே பாத்தியம்.

பெரிய லென்ஸ் வந்தது. சூம் போகும்போது வெளியே எதுவும் நீளவில்லை, ஸ்டாண்டில் பாரம் மாறாது. உள்ளே போகப் போகப் படம் இருட்டவில்லை, தெளிவும் கலங்கவில்லை. எதிர்ப்பக்க டீக்கடையின் பெயர்ப்பலகையில் தொடங்கி, மாஸ்டர் காதில் சொருகியிருந்த பீடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். நத்தை ஊர்வது போலச் சத்தமில்லாமல் போய் நின்றது. நன்றாக இருந்தது. அந்த வார்த்தையை எழுத எனக்கு எவ்வளவு எரிகிறது தெரியுமா?

பெண்ணழைப்பு. வெயில் தாழ்ந்த நேரம். மண்டபப் படியில் ஸ்டாண்டை வைத்தேன். பவித்ராவுக்குப் பின்னால் ராஜகிரி முழுசாக நின்றது. மோட்டார் சூம் சட்டத்தின் நட்ட நடுவுக்குத்தான் போகும், ஆகவே மூக்குத்தியை நட்ட நடுவில் வைத்துவிட்டு ஓடினேன். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு செங்கல்மேல் ஏறி நின்று மாலையைப் போட்டேன். போனில் பொத்தானை அழுத்திப் பிடித்தேன், விரலை எடுத்தால்தான் சூம் நிற்கும். போன் திரையில் மலை நகர ஆரம்பித்தது.

எல்லாம் திட்டப்படி நடந்தது, உன் மகளைத் தவிர. மாலை விழுந்ததும் அவள் சட்டென்று திரும்பி என் காலில் விழுந்தாள். ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கினேன். அதே கையில் போன். கட்டைவிரல் பொத்தானை விட்டு எழவே இல்லை. அவள் உன் உயரம். குள்ளா, குள்ளா என்று என்னைக் கூப்பிடுவாயே, செங்கல் புண்ணியத்தில் அவள் மூக்குத்தி இருந்த உயரத்தில் சரியாக என் மூக்கு. லென்ஸ் நல்ல லென்ஸ். நடுவில் எந்த முகம் கிடைத்ததோ அதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டு, நிதானமாகக் கடைசி வரைக்கும் வந்து நின்றது.

இந்த முறை தூசி என்று சொல்லக்கூட வழியில்லை. உதடு கோணி, மீசை நனைந்து, மூக்கில் அதே இடத்தில் அதே ஒழுகல்.

சத்தமில்லாமல் வெட்டிவிடலாம் என்று கடையில் உட்கார்ந்தேன். மறுவீட்டுக்கு வந்த பவித்ரா மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு நேராக அங்கே வந்துவிட்டாள். தாயும் மகளும் பார்த்தார்கள். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்கள்.

"மன்னிச்சிடு கண்ணு. மூக்குத்தி வரல" என்றேன். "நைனா சொன்ன ஷாட்டு போச்சி."

"இன்னா மாமா நீ? நைனா எடுத்திருந்தா மட்டும் மூக்குத்திலயா நின்னுருக்கும்? எவன் அழுவுறான்னுதான தேடும்? மொத்தக் கூட்டத்துலயும் நீ ஒருத்தன்தான் அழுவற. இதுதான் நைனா ஷாட்டு. இத வெட்டினன்னா உன்னாண்ட பேச மாட்டேன்."

மல்லிகா பக்கம் திரும்பினேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. பதறி எழுந்துவிட்டேன். பார்த்தால் சிரிக்கிறாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் என் மூக்குதான், இன்றைக்கும் என் மூக்குதான்.

ஆகவே வெட்டவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன். இனி இந்தக் குடும்பத்தின் எல்லா விசேஷத்திலும் அது ஓடும், நான் பந்தியிலிருந்து எழுந்து போவேன். ஆனால் எடிட்டிங்கில் நீ செய்ததைப் போல அதன்மேல் ரோஜா இதழ் கொட்ட மாட்டேன், இதய வடிவத்தில் ஓரம் கட்ட மாட்டேன். நமக்குள் பகை இன்னும் முடியவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒருநாள் நானும் அங்கே வருவேன். வெறுங்கையோடு வர மாட்டேன், இந்த லென்ஸைக் கொண்டுதான் வருவேன். என்னைப் பார்த்ததும் நீ அழுவாய், எனக்குத் தெரியும். தூர நின்று, மெதுவாக, மிக மெதுவாக, உன் மூக்கு வரைக்கும் வருவேன். துடைத்துக்கொள்ள நேரம் தர மாட்டேன்.

அதுவரை காத்துக் கிட.

இப்படிக்கு,
உன் மகளுக்குக் காது குத்த மடி கொடுத்த,
உன் குள்ள மச்சான்