நூலில் போடாத முடிச்சு

அன்பு மச்சானுக்கு, ஸலாமும் கொஞ்சம் சண்டையும்.

பினாங்கிலிருந்து நீங்கள் அனுப்பிய நீச்சல் உடுப்பு வந்தது. குரங்கணி மலையில் பெய்த மழையில் நம் தோப்புக் கிணறு மேல்படி வரை நிறைந்திருக்கிறது. உடுப்பு வந்த வார வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்மாவுக்குப் போனதும் தெருப் பெண்கள் எல்லாரும் குதித்தோம். அவர்கள் நெஞ்சில் கட்டிய பாவாடை தண்ணீரில் குடையாக விரிந்தது. எனக்கோ மூச்சு முட்டியது. உடுப்பு இடுப்பில் கச்சிதம், மார்பில்தான் பத்தவில்லை. உள்ளே தைத்திருக்கும் கிண்ணம் கொள்ளாமல் அழுத்துகிறது. தொட்டாலே வலி. மூன்றாவது முங்கலில் தோள்பட்டி அறுந்தது. பக்கத்து வீட்டு அமீருன்னிசா துப்பட்டியை வீசியிருக்காவிட்டால் மானம் போயிருக்கும்.

கடைக்காரரைத் திட்டாதீர்கள். மார்புக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு இரண்டு என்று அளவெடுத்து நான் கொடுத்த நூலில் தப்பில்லை. அது நீங்கள் கப்பலேறிய வாரம் அளந்தது.

தையலைப் பிரித்து இரண்டு விரல் விட்டேன். இப்போது அதுவும் பத்தவில்லை.

"இனிமே கெணத்துப் பக்கம் போகாத தாயி" என்கிறார் மாமி. போன வருஷம் தங்காமல் போனதை நாங்கள் பேசுவதில்லை. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஏலக்காய் பொறுக்க உட்கார்ந்தால் வாசனை குமட்டுகிறது. போடிக்காரிக்கு ஏலக்காய் குமட்டுமா?

புது நூல் வைத்திருக்கிறேன். முடிச்சுப் போடவில்லை, அளவு வாரத்துக்கு வாரம் மாறுகிறது. வேறு உடுப்பு வாங்காதீர்கள். நீங்களே வந்து அளந்து முடிச்சுப் போடுங்கள். இந்தத் தடவை நான் தனியாக இருக்க மாட்டேன்.

கிணற்றுக்குள் இறங்காமல் கரையில் நிற்கும்,
உங்கள் மனைவி.