ட்ரோயானில் இடி இடித்தபோது

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நம்பு.

"கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழு"ன்னு கோடையில் திட்டினாயே, அன்று நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் அமைத்த விபிஎன் வேலை செய்கிறது! நம் ட்ரோயான் ஊர்த் தொலைக்காட்சி பல்கேரியாவுக்கு வெளியே இணையத்தில் தெரியாது. என் லேப்டாப் நம் வீட்டு இணையம் வழியாகப் போனதும், நான் சமையலறையில் உட்கார்ந்து பார்ப்பதாக அது நம்பிவிட்டது. வயர்கார்டு என்ற வேகமான புரோட்டோகாலை இந்த ரோட்டர்டாம் விடுதி வைஃபை தடுத்தது. ஓபன்விபிஎன் என்ற இன்னொன்றுக்கு மாற்றி, சாதாரண இணையப் பக்கங்கள் போகும் பாதையிலேயே அனுப்பினேன். யாரும் சொல்லித் தரவில்லை, அம்மா.

போன மாதம் பதிவு செய்த உங்கள் பாட்டுக்குழு நிகழ்ச்சி ஓடியது. நீ தனியாகப் பாட முன்னால் வந்தாய், வாயைத் திறந்தாய். திரை அப்படியே நின்றுவிட்டது.

"போச்சுடி! வேற புரோட்டோகால் போட்டுப் பாரு," என்றாள் அறைத்தோழி ராட்கா.

"அது மேல தப்பில்லடி. ஊர்ல இடி இடிக்குது, எங்கம்மா கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. இடின்னா எப்பவும் அப்படித்தான்."

மழை விட்டதும் திரும்பச் செருகிவிடு. நீ அரைத்த லியுதெனிட்சா மிளகாய்த் தொக்கு ஒரு பாட்டில் அனுப்பு. அந்தப் பாட்டை ஃபோனில் ஒருமுறை பாடு. வேலைக்கு நேரமாகிவிட்டது.

இங்கே நல்ல வெயில். ஆனாலும் உன் தலைக்கு மேல் இடி இடித்தால் இனி எனக்கு உடனே தெரியும்.

உன் ஸ்லாவேனா