வண்டி எப்போது தயாராகும்?

பிப்ரவரி 11

மெக்கானிக் அம்மாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் போன கடிதத்தில் தோள்பட்டை வலி என்று ஒரு வரி போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே மழைக்குத் தாவிவிட்டாய். அந்த மழையை நான் படிக்கவே இல்லை. வலது தோளா, இடது தோளா? அதை முதலில் எழுது.

போனை விட்டுவிட்டு நாம் கடிதத்துக்கு வந்தது நல்லதாயிற்று. போனில் என்றால் ஐந்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். கடிதத்தில் கோபப்பட்டால், தபால் போய்ச் சேர்வதற்குள் கோபித்தவனுக்கே மறந்துபோகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நம் பிக்கப் வண்டியை ஞாயிற்றுக்கிழமை வெளியே இழுத்தேன். நான் இழுத்தேன் என்றால், தெருவே சேர்ந்து தள்ளியது என்று பொருள். ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. என் தையல் கடையில் காணாமல் போன லைனிங் துணியெல்லாம் அங்கேதான் மெத்தையாகக் கிடக்கிறது. பாவம், வேலை பார்த்த பையனைத் திட்டித் தீர்த்திருந்தேன்.

அந்த ஊர் வேலைக்குக் கிளம்பும்போது நீ, ‘வண்டிய ஓட வெச்சு வைங்க, வந்து நான் ஓட்டறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒன்றரை வருஷமாக அதைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இனி இருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊசியும் கத்தரியும்தான். முதலில் எதைக் கழற்றட்டும்?

உன் டைலர்


மார்ச் 2

அன்புள்ள டைலர் சாருக்கு,

வலது தோள். இங்கே நான் பழுது பார்க்கிற லாரிகளின் சக்கரமே என்னைவிட உயரம். அதன் போல்ட்டைத் திருகினால் யாருக்கும் வலிக்கும். கவலைப்பட ஒன்றுமில்லை.

கடிதம் வந்தபோது என் கட்டிலின் மேல்தட்டில் படுப்பவள், ‘என்னடி, தனியா சிரிக்கிற?’ என்றாள். எலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விட்டுவிட்டேன்.

முதலில் எதையும் கழற்றாதீர்கள். பேட்டரியின் இணைப்பை எடுங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள், அது இந்நேரம் கெட்டிருக்கும். பிறகு கார்புரேட்டர். கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எங்கிருந்து எடுத்தீர்களோ அந்த வரிசையில் வையுங்கள். பொத்தான் டப்பாவில் கொட்டிவைக்கிற வேலை வேண்டாம். உங்களை எனக்குத் தெரியும். டிரைவர் பக்கத்துத் தரை துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். அதை நீங்கள் தொடாதீர்கள், முக்கு வெல்டரைக் கூப்பிடுங்கள்.

அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! உங்கள் துணி மூட்டைகளைப் பின்னால் போட்டுக்கொண்டு, நான் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வழிநெடுக ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டே வருவீர்கள். இங்கே என்னை யாரும் மெதுவாகப் போகச் சொல்வதில்லை.

வண்டி எப்போது தயாராகும்?

உங்கள் மெக்கானிக்


ஏப்ரல் 20

மெக்கானிக் அம்மாவுக்கு,

எஞ்சின் பேசிவிட்டது! வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருகினேன். இருமியது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. வெல்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் கரி. உன் நாத்தனாருக்கு அதுதான் கவலை. ஏற்கெனவே நான் கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் துடைத்ததற்கு அக்கா என்னோடு பேசாமல் இருக்கிறாள்.

கேஸ்கெட் கடையில் கிடைக்கவில்லை. பேப்பரை வைத்து மாதிரி எடுத்து, என் கத்தரியாலேயே வெட்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. இதை மட்டும் நீ நாலு பேரிடம் சொல்ல வேண்டும்.

சொல்லக் கூடாத ஒன்றும் இருக்கிறது. வயர்களைக் கழற்றும்போது அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் கலர் நூல் கட்டினேன். சிவப்பும் அரக்கும் எனக்கு வேறு வேறு நூல். திரும்ப இணைத்த வெல்டருக்கு இரண்டும் சிவப்பு. இப்போது பிரேக்கை மிதித்தால் ஹார்ன் அடிக்கிறது. தெருமுனை வரை போய் வந்ததில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துவிட்டது.

வண்டி ஓடுகிறதுதான். ஆனால் இதைத் தயார் என்று எப்படிச் சொல்வது? நீ வேகமாக ஓட்டுகிறவள். இந்தப் பழைய பிரேக்கை நம்பி உன்னை உட்காரவைக்க முடியாது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடலாம் என்கிறார் வெல்டர். கொஞ்ச மாதம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

உன் டைலர்


மே 15

அன்புள்ள டைலர் சாருக்கு,

கேஸ்கெட் கதையைப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஹார்ன் கதையையும் சொன்னேன், மன்னிக்கவும். ஃபோர்மேன் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டார்.

அந்த வண்டிக்கு டிரம் பிரேக்கே போதும். லைனிங்கை மாற்றி, அட்ஜஸ்ட் செய்தால் ஒரு வாரத்து வேலை. டிஸ்க் எதற்கு? நான் என்ன பந்தயத்துக்கா போகிறேன்?

இன்னொன்று. என் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஜூலைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அறையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தால், வரிசையாக நிற்கிற வண்டிகளைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. உங்கள் தையல் மெஷின் சத்தம் கேட்காமல் எனக்கு மத்தியானத் தூக்கமே வருவதில்லை.

என்ன சொல்லட்டும்?

உங்கள் மெக்கானிக்


ஜூன் 9

மெக்கானிக் அம்மாவுக்கு,

டிஸ்க் பிரேக் போட்டாயிற்று. மிதித்தால் வண்டி நிற்கிறது, ஹார்ன் அடிப்பதில்லை. தெருவில் இப்போது என்னைப் பார்த்து யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை.

அடுத்து பவர் ஸ்டீயரிங் போடுகிறேன். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி ஒன்று கிடைத்தது. நம் வண்டியில் அது உட்கார அடிச்சட்டத்தையே கொஞ்சம் வெட்ட வேண்டுமாம். பிறகு பெயின்ட். எப்படிப் பார்த்தாலும் ஆகஸ்டுக்குள் முடியாது.

ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தாய். வேலை பிடித்திருக்கிறது என்று நீயே சொல்கிறாய். நான் குறுக்கே நிற்க மாட்டேன். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்.

உன் டைலர்


ஜூலை 1

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம்.

வரட்டுமா என்று நான் எத்தனை விதமாகத்தான் கேட்பது? வண்டி எப்போது தயாராகும் என்று கேட்டேன். டிஸ்க் பிரேக் என்றீர்கள். என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். பவர் ஸ்டீயரிங் என்றீர்கள். எஞ்சின் ஓடிய அன்றே வண்டி தயார்தான், அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் வருவது உங்களுக்கு வேண்டாம் என்றால் நேராகவே எழுதியிருக்கலாம். பாவம் அந்த வண்டியை ஏன் அறுக்க வேண்டும்?

இங்கே வருவதற்கு முன்பும் போகட்டுமா என்று உங்களிடம் கேட்டேன். அன்றைக்கும் இதே பதில்தான்.


ஜூலை 19

அம்மா தாயே,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு வாடிக்கையாளர் கழுத்தளவு எடுக்கக் காத்துக்கொண்டிருந்தார். அவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டேன்.

வலது தோள் என்று நீதானே எழுதினாய்? அந்த ஸ்டீயரிங்கைத் திருப்ப ஆம்பிளைகளுக்கே மூச்சு வாங்கும். வலியோடு வந்து இதை எப்படி ஓட்டுவாய் என்று நினைத்துத்தான் பவர் ஸ்டீயரிங். நீ வேகமாகப் போகிறவள் என்றுதான் டிஸ்க் பிரேக். குறை வைத்த வண்டியைக் காட்டி வா என்று கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. அரைகுறையாகத் தைத்த சட்டையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

வேலை பிடித்திருக்கிறது என்கிறவளை வந்துவிடு என்று சொல்வது சுயநலம் என்று நினைத்தேன். பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சோறு இறங்கவில்லை. உன் ஸ்பேனர் பையைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன், அக்கா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நீ எனக்கு வேண்டும். இதைவிட நேராக எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் டைலர்


ஆகஸ்ட் 8

என் மக்கு டைலருக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேல்தட்டுக்காரி வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஏங்க, இந்த ஒரு பத்தியை மே மாதத்தில் எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இப்போது கையெழுத்தை அழிக்க முடியாது. ஆபீசில் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டேன். அங்கே இருக்கிற அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு, ‘ரெண்டாம் தடவை ஒப்பந்தம் போட்டவங்களுக்குத் தனி வீடு தர்றோமே, உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்களேன்’ என்றாள். எனக்குத் தலையில் யாரோ குட்டியதுபோல் இருந்தது.

வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டே அறை. வெளிச்சம் விழுகிற ஜன்னல் ஒன்று இருக்கிறது, மெஷின் போடலாம். இங்கே லாரி சீட் தைக்கத் தெரிந்த ஆள் கிடையாது, கிழிந்த சீட்டில்தான் எல்லோரும் ஓட்டுகிறார்கள்.

கடையை இரண்டு வருஷத்துக்கு அக்காவிடம் விட்டுவிட்டு வர முடியுமா? நம் தெருவைத் தாண்டுவதென்றாலே நீங்கள் நாலு தடவை யோசிப்பீர்கள், தெரியும். வண்டியைப் பூட்டி வைத்தால் மறுபடி துருதான் பிடிக்கும். நல்லவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள். மனசு கேட்காவிட்டால் வேண்டாம். ஆனால் நீங்கள் வர வேண்டும். நான் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மெக்கானிக்


செப்டம்பர் 14

என் மெக்கானிக் அம்மாவுக்கு,

வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

வாங்கியவர் ஒரு தச்சர். நல்ல மனிதர், நெடுநெடுவென்று உயரம். பெயின்ட்டைப் பார்த்தார், எஞ்சினைக் கேட்டார், எல்லாம் பிடித்துப்போயிற்று. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் போய் இடித்தது.

‘என்னங்க இது, சீட்டு இவ்ளோ முன்னாடி இருக்கு? பின்னால தள்ள முடியாதா?’

சீட் நகர்கிற தண்டு துருவில் போய்விட்டது. அதனால் தரையில் நேராகத் துளை போட்டு, போல்ட் வைத்து இறுக்கியிருந்தேன். பெடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று வெல்டர் அப்போது கேட்டார். நான் டேப் எடுக்கவில்லை. உன் இடுப்பிலிருந்து முழங்கால் எவ்வளவு, முழங்காலிலிருந்து குதிகால் எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சாக்பீஸால் தரையில் குறி போட்டேன். இன்னொருவர் அதில் உட்காருவார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

‘யாருங்க ஓட்டினாங்க?’ என்றார்.

‘என் வீட்டம்மாவுக்காகப் போட்டது’ என்றேன்.

நானே அடியில் படுத்துப் போல்ட்டைக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருக்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது. அங்கேயே அழுதுவிட்டேன். கண்ணில் துரு விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். சீட்டைப் பின்னால் தள்ளிப் புதுத் துளை போட்டாயிற்று. பழைய துளைகளை அடைத்துவிடட்டுமா என்று வெல்டர் கேட்டார். அப்படியே விட்டுவிடச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும், தச்சர் என்ன பாவம் செய்தார்? அடைக்கச் சொல்லிவிட்டேன்.

அக்கா கடையைப் பார்த்துக்கொள்வாள். மெஷினின் தலையை மட்டும் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், சுற்றிலும் உன் புடவைகள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் இறங்குகிறேன். அந்த ஊர்ப் பேச்சு எனக்குப் புரியாது, வழியும் தெரியாது. இறங்கினால் இறங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். நீ வந்து என்னை அழைத்துக்கொண்டு போ.

உன் டைலர்