பத்திரிகையில் விடுபட்ட வரி

திண்டுக்கல்
5.11.2025

அன்பு மகன் மணிமாறனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஓசூர்க் குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

போனில் பேசினால் நமக்குள் சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன். நம் கல்யாணப் பத்திரிகைக் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிற விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு வராதாம். புது விண்டோஸை இந்தப் பழைய பெட்டி தாங்காதாம். "லினக்ஸ் போட்டுக்கலாம் அம்மாச்சி, காசே வேணாம்" என்கிறாள் உன் அக்கா மகள் ஜீவிதா. தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவளுக்கு இதே நினைப்பு.

பத்து நாளாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். விண்டோஸ் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. லினக்ஸ் சட்டென்று எழுந்துவிடுகிறது. ஆனால் நாம் பழகிய டிசைன் புரோகிராம் அதில் ஓடாது, வேறொன்று கற்க வேண்டும். நான் அஞ்சாப்பு படித்தவள்தான். ஆனால் இருபது வருஷமாக என் கையெழுத்து விழாமல் ஒரு புரூஃபும் அச்சுக்குப் போனதில்லை. இதையும் கற்பேன். நீ என்ன சொல்கிறாய்?

அம்மா
பேச்சாயி


ஓசூர்
12.11.2025

அம்மாவுக்கு,

மாற்றாதே. கடைக்கு வருகிறவர்கள் பென்டிரைவில் கொண்டுவருவதெல்லாம் விண்டோஸில் செய்தது. அச்சகத்திலும் அதுதான். நீ மட்டும் தனியாகப் போனால் ஒவ்வொரு ஃபைலையும் சரிபார்த்தே பொழுது போகும்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். "ஒங்காசு வேணாம்ப்பு" என்று சொல்லிவிட்டாய். அக்காவும் மகளும் சொன்னால் கேட்பாய், நான் சொன்னால் மட்டும் வீராப்பு. அந்த வீட்டில் என் சொல்லுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

மணிமாறன்


ஓசூர்
19.1.2026

அம்மாவுக்கு,

ஜீவிதா கல்யாணப் பத்திரிகை வந்தது. ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் பெயர் இருக்கிறது. அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான், என் பெயரைக் காணோம். அதுவும் நம் கடைப் பத்திரிகை, நீ புரூஃப் பார்த்தது. லினக்ஸுக்கு மாறாதே என்று சொன்னதற்கு இதுதான் பதிலா?

மாமன் மாலை இல்லாமலே பெண்ணை மேடையேற்றுங்கள். நான் வரவில்லை. போன் செய்யாதே.

மணிமாறன்


திண்டுக்கல்
24.1.2026

அப்பு மணிமாறா,

உன் பெயர் கடைசி வரியில் இருந்தது. விண்டோஸில் பார்த்த புரூஃபில் என் கண்ணால் படித்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு சம்பந்தி மண்டபத்தை மாற்றிவிட்டார். அதற்குள் நாங்கள் லினக்ஸுக்கு வந்துவிட்டோம். பத்திரிகைக்குப் போட்டிருந்த எழுத்து, அந்த ஃபாண்ட், இதில் இல்லை, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எழுத்து பருத்து, கடைசி வரி கட்டத்துக்கு வெளியே போய் மறைந்துவிட்டது. நான் மண்டபத்துப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

ஜீவிதா அழுதாள். "விண்டோஸுக்கே போயிருவோம் அம்மாச்சி, மாமா வந்துரும்."

"ஏண்டி, முழுசாப் படிக்காமக் கையெழுத்துப் போட்டது நானா, கம்ப்யூட்டரா?" என்றேன்.

திரும்பிப் போகவில்லை. போனால் என் தப்பை அதன் தலையில் கட்டினதாகிவிடும். பழைய ஃபாண்டை இதிலும் ஏற்றிவிட்டோம். இனி ஒரு எழுத்து மாறினாலும் முழுப் பத்திரிகையையும் படிக்கிறேன். சரிபார்க்கிற வேலை கூடும் என்று நீ சொன்னது நிஜம். அன்றைக்கே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், எனக்கு வாய் வரவில்லை.

மறுபடி அச்சடித்து, பழையது போன ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போனேன். சாணார்பட்டியில் ஒருத்தி சிரித்தாள்: "என்ன பேச்சாயி, இம்புட்டு வருசம் ஊரான் பத்திரிகையில தப்புப் பிடிச்சவ, சொந்த மகன் பேரையே முழுங்கிட்டியே?"

"முழுங்கிட்டேன்தான். தப்பு என்னுது" என்றேன். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அத்தனை வாசலிலும் சொன்னேன்.

புதுப் பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன். வாப்பா.

அம்மா


ஓசூர்
28.1.2026

அம்மாவுக்கு,

பத்திரிகையை இரண்டு தடவை படித்தேன். என் பெயர் இருக்கிறது.

நீ லினக்ஸிலேயே இருப்பது எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. கோபமும் போகவில்லை. முகூர்த்தம் காலை ஏழரைக்குப் போட்டிருக்கிறது, அதற்குள் ஆறுமென்றும் தோன்றவில்லை.

மாலைக்குச் சொல்லிவிட்டேன். கோபத்தோடேயே வாரேன்.

மணிமாறன்