ஒரு கண் வைத்திருக்கிறோம்

ஜனவரி 6, திங்கள்

கோடை உச்சம். பாலைவனத்து அனலோடு வடக்குக் காற்று. காலையிலேயே கொட்டகைத் தகரம் தொட முடியாமல் சுடுகிறது. மலைக்கு அப்பால் காட்டுத்தீப் புகை தெரிகிறது என்று பக்கத்துப் பண்ணை மெர்வ் எங்கள் சாலையில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். கூடவே வழக்கம்போல, "ஒரு கண் வைத்திருக்கிறேன்." உடனே ஒவ்வொருவராக அதையே எழுதினார்கள். என் கணவன் கிளைவும்தான்.

இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாவற்றுக்கும் இதைத்தான் எழுதுகிறோம். தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விழுந்தபோது காலண்டரில் கிளைவ் எழுதினது இது. நாயின் காதுப் புண்ணுக்கும் இதுவே. அவன் அம்மா சாகக் கிடந்தபோது மெல்போர்னில் இருக்கிற அக்காவுக்குப் போட்ட கார்டிலும், "அம்மா மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்." போன மாதப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது: "நெஞ்சு. ஒரு கண் வைத்திருக்கிறேன்." நெஞ்சுக்கு என்ன என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறான். 'பயமாக இருக்கிறது, ஒன்றும் கேட்காதே' என்பதைத்தான் நாங்கள் இப்படி எழுதுகிறோம். எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

ஜனவரி 7

காற்று மாறவில்லை. பறவைகள் வாயைத் திறந்துகொண்டு குழாயடியில் நிற்கின்றன.

ஜனவரி 8

கிளைவ் காலையெல்லாம் ஏணியில். கூரையிலிருந்து இறங்கும் குழாய்களின் வாயை டென்னிஸ் பந்தால் அடைத்து, தீப்பொறி விழுந்தால் அணைய, கூரையோரத் தகர வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் நிரப்பினான். இடையில் ஒருமுறை ஏணியில் அப்படியே நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது.

"கிளைவ், கிளம்பிடலாம்."

"முதல்ல நாமளா? டெப் கதை மறந்துபோச்சா உனக்கு?"

மறக்குமா? எதிர்ப் பண்ணை டெப், ஒரு கோடையில் எல்லாருக்கும் முன்னால் இரண்டு பெட்டியோடு கிளம்பிப் போனாள். அந்த வருடம் நெருப்பு வரவே இல்லை. அன்றிலிருந்து அவள் பெயர் சூட்கேஸ். மதுக்கடையில்கூட "சூட்கேஸுக்கு ஒரு பீர்!" என்றுதான் கத்துவார்கள். பெயர் வைத்தது மெர்வ். அவளும் சிரிப்பாள், நாங்களும் சிரிப்போம்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டுமே."

"நீ வேணா போ ஐரீன். நான் வீட்டப் பாத்துக்கறேன்."

இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இவன் ஒரு தண்ணீர்க் குழாயோடு நெருப்புக்கு முன்னால் நிற்பானாம். நான் இவனை விட்டுவிட்டுப் போவேனாம். போகமாட்டேன் என்று தெரிந்துதானே சொல்கிறான்? இதை யாரிடம் சொல்ல?

ஜனவரி 9

கொடியில் காயப்போட்ட தலையணை உறையில் சாம்பல். கூடவே ஒரு முழு யூகலிப்டஸ் இலை, கருகி, வடிவம் கெடாமல். தொட்டதும் பொடியாகிவிட்டது.

போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். குழுவைத் திறந்தேன். "ஒரு கண் வைத்திருக்கிறோம்." "இங்கேயும் ஒரு கண் வைத்திருக்கிறோம்." என் கட்டைவிரலும் தானாக அதையே அடித்துவிட்டது. அய்யோ, என்ன பழக்கம் இது? செத்தாலும் இதைத்தான் எழுதுவோமா?

அழித்தேன். "எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் கிளம்புகிறோம்" என்று போட்டேன். நாங்கள் என்றுதான் எழுதினேன், கிளைவைக் கேட்காமலே.

போனை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். "என்ன எழுதி வச்சிருக்க நீ? மானம் போச்சு. இனிமே நாந்தான் சூட்கேஸ்—"

அவன் முடிப்பதற்குள் குழுவில் டெப், "அப்பாடா. நானும்." அதற்கடுத்து இன்னொருவர். அதற்கடுத்து இன்னும் இரண்டு பேர். சாலை நெடுக கேட் திறக்கிற சத்தம். ஒருவரும் மூட்டை கட்ட உள்ளே ஓடவில்லை. எல்லார் வண்டியிலும் எல்லாம் ஏற்கெனவே ஏற்றியிருந்தது!

கிளைவ் கொட்டகைக்குப் போய் எங்கள் வண்டியின் தார்ப்பாயை விலக்கினான். நாயின் தட்டு, எங்கள் கல்யாணப் படம், என் குளிர்காலக் கோட்டு.

"இதெல்லாம் எப்பக் கட்டின?"

"திங்கக்கிழம."

அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

மெர்வ் மட்டும் வரவில்லை. அவர் கேட்டில் வண்டியை நிறுத்தினோம். "ஏறுங்க மெர்வ், இடம் இருக்கு."

"என் ஆடுங்கள யாரு பாப்பாங்க? கிளம்புங்க, சூட்கேஸ் கூட்டமா கிளம்புங்க!" என்று சிரித்தார். கேட்டின் கொக்கியை மாட்டினார், எடுத்தார், மறுபடி மாட்டினார். நான் பார்த்தேன். கிளைவும் பார்த்தான்.

பாதி வழியில் குழுவில் அவர் எழுதியிருந்தார்: "உங்கள் வீடுகள் மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்."

ஜனவரி 10

டவுன் திடலில் இருக்கிறோம். மெர்வுக்குப் போன் போகவில்லை. குழுவில் அவருக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

ஜனவரி 12

நெருப்பு தாண்டிப் போனபின் பார்த்தபோது, மெர்வ் ஆட்டுப்பட்டிக் கதவுக்குப் பக்கத்தில் இறந்து கிடந்தாராம். கதவைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டிருக்கிறார்.

எங்கள் வீடு நிற்கிறது. டெப் வீடு இல்லை. இப்போது யாரும் அவளை சூட்கேஸ் என்று கூப்பிடுவதில்லை. "அவர் வந்து ஒரு தடவ கூப்பிட்டா தேவல" என்று சொல்லிவிட்டு டெப் அழுதாள்.

ஜனவரி 27

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் நான் அடுப்படியில் இருந்தேன், கிளைவ் வேலி சரிசெய்யப் போயிருந்தான். போனில் அவன் செய்தி வந்தது. "வேலியோரம் இருக்கிறேன். நெஞ்சு வலிக்கிறது. பயமாக இருக்கிறது. வா." அவன் கையால் 'பயம்' என்று எழுதி நான் பார்த்ததே இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். "இன்னும் கொஞ்சம் பேசாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். அவர் மேல ஒரு கண் வச்சிருப்போம்."

கிளைவ் என்னைப் பார்த்தான். மூக்கில் குழாயோடு கேட்டான், "நிஜமாவா டாக்டர்?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆமா, நிஜமாத்தான்" என்றாள்.

நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்து அவன் கட்டிலுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.