எதிர்த்துப் பேசாத நாற்பது நாள்

அன்பு மகள் நித்தியாவுக்கு,

ஆண்டவர் உன்னைக் காத்துவருகிறார் என்ற தைரியத்தில் அம்மா எழுதுகிறேன். இருமல் விட்டதா? ஹாஸ்டல் சோறு பிடிக்கவில்லை என்றாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் கூடம் முழுக்கக் கேட்கிறது. மெசேஜ் அனுப்பினால் உன் புவனேசன் அண்ணன் எடுத்துப் பார்த்துவிடுகிறான். நம் சபை திலகா அக்கா தன் மகனைப் பார்க்க நாளை ஈப்போ வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. வலது கை இன்னும் அசையவில்லை. காலையில் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு பாசிர் பெனம்பாங்கில் மீன் சுத்தம் செய்யும் வேலைக்கு ஓடுகிறேன். அப்பா இறந்தபோது நம்மைச் சேர்த்துக்கொண்ட மனுஷன். அவரைக் கவனிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த நாற்பது நாள் லெந்து விரதத்தில் போதகர் இச்சையடக்கம் பற்றிப் பிரசங்கம் செய்தார். மாதர் சங்கத்தில் ஆளுக்கு ஒன்றை விடுவதாக வாக்குக் கொடுத்தோம். திலகா அக்கா டிவி நாடகத்தை விட்டாள். விட்டுவிட்டு, நேற்று என்ன நடந்தது என்று எல்லாரிடமும் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் வீட்டில் எதிர்த்துப் பேசுவதை விட்டேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

இரண்டாவது வாரம் புவனேசன் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தான். "நித்தியா நர்சுக்குத்தானே படிக்குது சித்தி, நம்ம வீட்டுலயே எங்கப்பா நோயாளியா இருக்காருலா. படிச்ச வரைக்கும் போதும், வந்து பாத்துக்கட்டும்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. வாக்குக் கொடுத்தோமே என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் கேட்டான், அன்றும் பேசவில்லை. சித்திக்குச் சம்மதம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். வருகிற சனிக்கிழமை உன்னைப் பெட்டியோடு கூட்டிவரக் காரில் வருகிறான்.

நான் கோபத்தைத்தான் அடக்கினேனா என்று உட்கார்ந்து யோசித்தேன் நித்தியா. தங்கமான மனுஷி என்று இந்த வீட்டில் பெயரெடுக்கும் ஆசை எனக்கு. வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. இரண்டையும் விரதம் என்று சொல்லி ஆண்டவர் முன்னால் வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அடக்க வேண்டியது அந்த ஆசையைத்தான். அதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும்.

நேற்று சொல்லிவிடலாம் என்று அவன் அறை வாசல்வரை போனேன். கால் தானாகத் திரும்பிவிட்டது. இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு கூரை ஏது? இன்று சாயந்திரம் மறுபடி போவேன். இன்றும் சொல்ல முடியாமல் போகலாம்.

அதனால் நீ ஒன்று செய். சனிக்கிழமை அவன் வந்து நின்றால், வரமாட்டேன் என்று வார்டன் முன்னாலேயே சொல்லிவிடு. உடனே போன் போட்டு என்னிடம் பேசச் சொல்லுவான். பக்கத்தில் எல்லாரும் நிற்பார்கள். நானே அழுதுகொண்டு, வந்துவிடம்மா என்று கூப்பிட்டாலும் வராதே.

கர்த்தர் உன் கால்களை அங்கேயே நிலைநிறுத்துவாராக.

உன் அம்மா