மூன்றாவது கொட்டகை

படித்த அக்காவுக்கு,

பூண்டுத்தூளால் பயனில்லை என்று நீயே ஆராய்ச்சியில் எழுதிக் கொடுத்துவிட்டாயாமே, அப்பா சொன்னார். மூன்று வருஷ உழைப்பு. ரெண்டு நாளாய் நீ சாப்பிடவில்லையாம்.

நம் பண்ணையில் மூன்று கொட்டகை கேட்டாய். முதல் கொட்டகைக் கோழிகளுக்குத் தீவனத்தில் ஆன்டிபயாடிக். இரண்டாவதில் அதற்குப் பதிலாக உன் பூண்டுத்தூள். மூன்றாவதில் எதுவுமே கிடையாது.

"ஒண்ணும் குடுக்காம விட்டா என்ன ஆகுதுன்னு பார்க்கணும்டி. செத்தா எண்ணி எழுதி வை, போதும்" என்றாய்.

அதைப் பார்க்கக் கோழி எதற்கு? உன்னைக் காலேஜுக்கு அனுப்ப என்னை எட்டாவதோடு நிறுத்திப் பண்ணையில் விட்டார்களே, என்னைப் பார்த்திருக்கலாமே.

நாலாம் நாள் மூன்றாவது கொட்டகைக் குஞ்சுகள் தண்ணீராய்க் கழிய ஆரம்பித்தன. மறுநாளிலிருந்து மிச்ச மூட்டையைப் பிரித்து அதற்கும் உன் தூளையே போட்டேன். அத்தனையும் பிழைத்துக் கொழுகொழுவென்று வளர்ந்தன. தூள் போட்டதும் போடாததும் ஒரே எடை என்று நீ முடிவுகட்டினாய்.

சாட்சிக்குக் கோழிகூட மிச்சமில்லை, எல்லாம் லாரி ஏறிவிட்டன.

உன் தூள் அருமையான தூள், அக்கா. அப்போதே சொல்லியிருப்பேன். நீதான் எண்ணி எழுதி வைத்தால் போதும் என்றாயே.

இப்படிக்கு,
ஒன்றும் கொடுக்காமல் விட்ட தங்கை